செல்பேசியின் ஆயுளும் மூல நிரலின் உரிமையும்

அரசு அலுவலகங்களில் பயனற்றுப்போன பொருள்களை ஆய்ந்து, அவற்றைக் கணக்கிலிருந்து நீக்குவதற்கு அவ்வப்போது ஒரு குழு அமைக்கப்படுவதை அலுவலர்கள் அறிவார்கள். கால் ஒடிந்த நாற்காலிகள், சுழலாத மின்விசிறிகள், துருப்பிடித்த அலமாரிகள் ஆகியன அக்குழுவின் முன் வரிசையாக வைக்கப்படும். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய குழு ஒன்றில் இக்கட்டுரையாளர் உறுப்பினராக இருந்தபோது, ஓர் அட்டைப்பெட்டி நிறையச் செல்பேசிகள் வந்தன. அவற்றுள் பலவற்றை மின்னேற்றி இயக்கிப் பார்த்தபோது திரை ஒளிர்ந்தது; பேச்சு தெளிவாகக் கேட்டது; படம் எடுக்கும் கருவியும் பழுதின்றி இருந்தது. ஆயினும் பட்டியலில் கழிப்பதற்கான காரணம் என்னும் பத்தியில், உற்பத்தியாளரின் மென்பொருள் ஆதரவு முடிவுற்றது என்று எழுதப்பட்டிருந்தது. நாற்காலிக்குத் தச்சர் உண்டு. மின்விசிறிக்குச் சுருள் சுற்றுபவர் உண்டு. இச்செல்பேசிகளைச் சீர்செய்யத் தக்கவர்கள் நாட்டில் இல்லாமலில்லை. ஆனால் அதற்குரிய சாவி அவர்கள் கையில் இல்லை. குழு கையொப்பமிட்டது, பெட்டி கழிவுக்குச் சென்றது.

அந்தச் சாவிக்கு மூல நிரல் என்று பெயர். அதைச் செல்பேசி உற்பத்தியாளர்கள் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்னும் கோரிக்கை உலகின் பல பகுதிகளிலும் வலுப்பெற்று வருகிறது. இக்கோரிக்கை எதைக் குறிக்கிறது, அதில் நியாயம் எவ்வளவு, நடைமுறைக்கு ஏற்றது எவ்வளவு என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூல நிரல் என்பது யாது?

கணிப்பொறிக்கான கட்டளைகளை மனிதர் படித்தறியத்தக்க மொழியில் எழுதுவது மூல நிரல். அதனை இயந்திரத்துக்குப் புரியும் எண்களின் கோவையாக மாற்றியே செல்பேசியில் பதிக்கிறார்கள். மாற்றிய வடிவத்தை இயக்கலாம். ஆனால் எளிதில் படிக்கவோ, பிழை கண்டு திருத்தவோ இயலாது. மூல நிரலை நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொண்டு, மாற்றிய வடிவத்தை மட்டும் விற்பது தனியுரிமை மென்பொருள். மூல நிரலையும் வெளியிட்டு, அதனைப் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமை அளிப்பது திறமூல மென்பொருள்.

இவ்வேறுபாடு ஒரு பொதுப் பிரச்சினையாக உருவெடுத்த வரலாறு சுவையானது. 1980-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன், அங்கு வந்த ஜெராக்ஸ் அச்சுப்பொறியின் நிரலைத் திருத்த விரும்பினார். தாள் சிக்கிக்கொண்டால் அதனைப் பயனாளிகளுக்கு உடனே அறிவிக்கச் செய்வதே அவர் எண்ணம். மூல நிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. 1983-இல் அவர் குனு திட்டத்தை அறிவித்ததற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம். அத்திட்டத்திலிருந்து பிறந்த பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு 1991-இல் வெளியாயிற்று. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதே ஆண்டில் தொடங்கிய லைனக்ஸ் அவ்வுரிமத்தை 1992-இல் ஏற்றது. இந்நிரலை எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம். ஆனால் திருத்திய வடிவத்தைப் பிறருக்கு வழங்குவோர் அதன் மூல நிரலையும் பெறுவோருக்கு அளித்தாக வேண்டும் என்பது அவ்வுரிமத்தின் சாரம்.

செல்பேசியினுள் அடங்கிய அடுக்குகள்

செல்பேசியின் மென்பொருள் ஒரே பொருளன்று. பல அடுக்குகளைக் கொண்டது. கோரிக்கையைச் சரிவர மதிப்பிட இவ்வடுக்குகளைப் பிரித்தறிவது அவசியம்.

முதலாவது, வன்பொருளை நேரடியாக ஆளும் கெர்னல் என்னும் உட்கரு. ஆண்ட்ராய்டு செல்பேசிகள் யாவற்றிலும் இது லைனக்ஸ் உட்கருவே. ஆகவே உற்பத்தியாளர் இதில் செய்யும் மாற்றங்களின் மூல நிரலை வெளியிடுவது கருணையன்று, உரிமத்தின் கடமை. நடைமுறையில் சிலர் உடனே வெளியிடுகின்றனர். சிலர் பல மாதங்கள் தாழ்த்துகின்றனர். சிலர் முழுமையற்றதை வெளியிடுகின்றனர்.

இரண்டாவது, இயக்க முறைமையின் பொதுப்பகுதி. 2008-இல் முதல் ஆண்ட்ராய்டு செல்பேசி விற்பனைக்கு வந்தது முதல் இப்பகுதி பெரும்பாலும் அப்பாச்சி உரிமத்தின் கீழ்த் திறமூலமாகவே வெளியிடப்படுகிறது. ஆனால் அவ்வுரிமம், திருத்தியவர் தம் மாற்றங்களை வெளியிட வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை.

மூன்றாவது, நிழற்படக் கருவி, வரைகலைச் செயலி, கைரேகை உணரி முதலியவற்றை இயக்கும் நிரல்கள். இவை பெரும்பாலும் மூடப்பட்டவை. இவற்றை எழுதுவோர் செல்பேசி நிறுவனத்தாரல்லர். சில்லுகளை வடிவமைக்கும் நிறுவனத்தார். சில்லு நிறுவனம் ஆதரவை நிறுத்தினால், செல்பேசி நிறுவனம் விரும்பினாலும் புதிய பதிப்பை அளிப்பது கடினம். செல்பேசியின் ஆயுள் பெரும்பாலும் முடிவாவது இவ்வடுக்கில்தான்.

நான்காவது, அலைக்கற்றை வழியே கோபுரத்துடன் தொடர்புகொள்ளும் மோடம் நிரல். இது தனிச் செயலியில் இயங்குகிறது, முற்றிலும் மூடப்பட்டது.

இவற்றுக்கு மேலாக ஒரு பூட்டும் உண்டு. செல்பேசி இயங்கத் தொடங்கும்போது, உற்பத்தியாளர் கையொப்பமிட்ட மென்பொருளைத் தவிர வேறெதையும் ஏற்காதவாறு அதன் தொடக்க நிரல் அமைக்கப்படுகிறது. இப்பூட்டு திறக்கப்படாவிடில், மூல நிரல் முழுவதும் கைக்குக் கிடைத்தாலும் பயனில்லை.

ஆதரவு நின்றபின் நேர்வது

மென்பொருள் துருப்பிடிப்பதில்லை, தேய்வதுமில்லை. ஆனால் அதில் மறைந்துள்ள பிழைகள் காலப்போக்கில் கண்டறியப்படுகின்றன. கண்டறியப்பட்ட பிழை திருத்தப்படாவிடில் அது திறந்த கதவுக்கு ஒப்பாகும். 2015 ஜூலையில் ஸ்டேஜ்ஃபிரைட் என்னும் பெயரால் அறியப்பட்ட பிழை இதற்குத் தக்க சான்று. ஒரு பல்லூடகச் செய்தியை அனுப்பியே செல்பேசியைக் கைப்பற்ற இடமளித்த அப்பிழை, ஏறத்தாழ 95 கோடி ஆண்ட்ராய்டு கருவிகளைப் பாதிக்கக்கூடியது என மதிப்பிடப்பட்டது. திருத்தம் விரைவில் எழுதப்பட்டது. ஆனால் அது ஒவ்வொரு கருவிக்கும் உற்பத்தியாளர் வழியே சென்றடைய வேண்டியிருந்தது. ஆதரவு முடிந்த மாதிரிகளுக்கு அது சென்றடையவே இல்லை. அந்நிகழ்ச்சிக்குப் பின்னரே மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடும் முறை ஏற்பட்டது.

நம் நாட்டில் 2016-இல் ஒருங்கிணைந்த பணப்பரிமாற்ற முறை தொடங்கியபின் செல்பேசியே சாதாரணக் குடிமகனின் பணப்பையாகிவிட்டது. வங்கிச் செயலிகள் பழைய இயக்க முறைமைகளை ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன. பாதுகாப்பு நோக்கில் அது சரியே. ஆனால் அதன் விளைவாக, புதுச் செல்பேசி வாங்க இயலாதவர் ஒன்று ஆபத்தான கருவியுடன் பரிமாற்றம் செய்கிறார், அன்றேல் வசதியிலிருந்தே விலக்கப்படுகிறார். மலிவான செல்பேசிகளுக்கே ஆதரவுக் காலம் குறைவாக இருப்பதால், இச்சுமை ஏழைகள் மீதே மிகுதியாக விழுகிறது. 2023-இலும் 2024-இலும் உயர்விலை மாதிரிகள் சிலவற்றுக்கு 7 ஆண்டு ஆதரவு அறிவிக்கப்பட்டமை வரவேற்கத்தக்கதே; ஆனால் அவற்றை வாங்குவோர் யார் என்பதையும் நோக்க வேண்டும்.

சுற்றுச்சூழல் இழப்பும் சிறிதன்று. 2022-இல் உலகம் முழுவதும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உண்டானதாகவும், அதில் 22.3 சதவிகிதமே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகவும் ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. செல்பேசி எடையில் சிறியது. ஆனால் அதன் வாழ்நாளில் உண்டாகும் கரிவளி வெளியேற்றத்தின் பெரும்பகுதி உற்பத்தியின்போதே நிகழ்ந்துவிடுகிறது. ஆகவே ஒரு செல்பேசியை மூன்றாண்டுக்குப் பதில் ஆறாண்டு பயன்படுத்துவது, அதனை மறுசுழற்சி செய்வதைக் காட்டிலும் மேலானது.

பொருளியல் நோக்கு

நீடித்துழைக்கும் பொருளை விற்கும் முற்றுரிமையாளர், தாம் முன்பு விற்ற பொருளோடு தாமே போட்டியிட நேர்கிறது என்பதை ரொனால்டு கோஸ் 1972-இல் எழுதிய கட்டுரையொன்றில் விளக்கினார். பழைய பொருள் நன்றாக உழைக்கும் வரை புதிய பொருளுக்குத் தேவை குறைவு. எனவே பொருளின் ஆயுளைக் குறைப்பதில் விற்பவருக்கு ஓர் ஆதாயம் உண்டு. முற்காலத்தில் ஆயுளைக் குறைக்க வேண்டுமாயின் மட்டமான உலோகத்தைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. வாங்குபவர் அதனைக் கண்டுகொள்ளவும் கூடும். இன்றோ, திருத்தங்களை அனுப்பாமல் இருந்தாலே போதும். எல்லா நிறுவனங்களும் இவ்வெண்ணத்துடனேயே நடக்கின்றன என்பது கருத்தன்று; பழைய மாதிரிகளைப் பராமரிக்கச் செலவாகிறது, அச்செலவுக்கு வருவாய் இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். ஆனால் விளைவு ஒன்றே.

இரண்டாவது, தகவல் சமமின்மை. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தையில் நல்ல பொருளும் மதிப்பிழக்கும் என்பதை ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு நிறுவினார். செல்பேசி வாங்குபவருக்கு நினைவகம் எவ்வளவு, மின்கலம் எவ்வளவு என்பன பெட்டியின் மீதே அச்சிட்டுக் காட்டப்படுகின்றன. மென்பொருள் ஆதரவு எந்நாளில் முடிவுறும் என்பது பெரும்பாலும் காட்டப்படுவதில்லை.

மூன்றாவது, நிரலின் இயல்பு. ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறையாத பொருள் அது. விற்பனை நின்றுபோன ஒரு மாதிரியின் நிரலை வெளியிடுவதால் நிறுவனம் இழப்பது சிறிது. சமுதாயம் பெறுவது பெரிது. இத்தகைய இடங்களில் சந்தை தானாகவே நல்ல முடிவுக்கு வந்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

அனுபவம் கற்பிப்பவை

மூல நிரலைத் திறந்ததால் விளைந்த பயனுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு செல்பேசியன்று. வீடுகளில் இணைய இணைப்பைப் பகிரும் ரவுட்டர் பெட்டி. லிங்க்சிஸ் நிறுவனம் 2002 இறுதியில் விற்கத் தொடங்கிய ஒரு மாதிரியில் லைனக்ஸ் இருப்பதை 2003-இல் நிரலாளர்கள் கண்டறிந்து, உரிமத்தின்படி மூல நிரலைக் கோரினர். நிறுவனம் அவ்வாண்டே அதனை வெளியிட்டது. அதிலிருந்து 2004-இல் ஓபன்டபிள்யூஆர்டி என்னும் திட்டம் தோன்றியது. இன்று நூற்றுக்கணக்கான மாதிரிகளில் அம்மென்பொருள் இயங்குகிறது. உற்பத்தியாளர் பலரே அதனை அடிப்படையாகக் கொள்கின்றனர். நிரலை வெளியிட்ட அந்த மாதிரியும் சந்தையில் வீழ்ந்துவிடவில்லை; அதன் திறந்த தன்மைக்காகவே வாங்குவோர் பெருகி, அதன் வழித்தோன்றல்கள் நெடுங்காலம் விற்பனையாயின.

எதிர்மாறான பாடமும் உண்டு. நோக்கியாவின் சிம்பியன் இயக்க முறைமை 2010 பிப்ரவரியில் திறமூலமாக வெளியிடப்பட்டது. அதன் அளவு ஏறத்தாழ 4 கோடி வரிகள். அவ்வாண்டு முடிவதற்குள் அதனை நடத்திய அறக்கட்டளை தன் பணிகளைச் சுருக்கிக்கொண்டது; 2011 பிப்ரவரியில் நோக்கியாவே மைக்ரோசாஃப்டின் இயக்க முறைமைக்கு மாறப்போவதாக அறிவித்தது. காலங்கடந்து திறக்கப்பட்ட நிரலை எடுத்து நடத்துவோர் இல்லாவிடில் அது காட்சிப்பொருளே என்பதை இது உணர்த்துகிறது.

ஹியூலட்-பேக்கார்டு நிறுவனம் 2011 ஆகஸ்டில் வெப்ஓஎஸ் கருவிகளைக் கைவிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் அதன் நிரலைத் திறக்க முடிவு செய்து, 2012-இல் வெளியிட்டது. 2013-இல் எல்ஜி நிறுவனம் அம்முறைமையைப் பெற்றுத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் பயன்படுத்தியது. 2018-இல் அதன் திறமூலப் பதிப்பையும் வெளியிட்டது. செல்பேசியில் தோற்ற மென்பொருள் வேறோர் இடத்தில் வேரூன்றிற்று.

நெதர்லாந்தின் ஃபேர்போன் நிறுவனம் 2015 இறுதியில் வெளியிட்ட தன் இரண்டாம் மாதிரிக்கு 2023 வரை ஆதரவளித்தது. சில்லு நிறுவனம் தன் ஆதரவை முன்னரே நிறுத்திவிட்டிருந்தும், லைனேஜ்ஓஎஸ் என்னும் தன்னார்வத் திட்டத்தின் பணியையும் துணைக்கொண்டு ஒரு சிறிய நிறுவனம் இதனைச் சாதித்தது. 2017-இல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் திட்டம் ஒரு செல்பேசிக்குப் பத்தாண்டு ஆயுளையே குறிக்கோளாகக் கொண்டுள்ளது. இவற்றின் எல்லையையும் மறைக்க வேண்டியதில்லை: மூடிய இயக்கி நிரல்கள் கிடைக்காத மாதிரிகளில் படம் எடுக்கும் கருவியோ ஒலியோ அழைப்போ சரிவர இயங்குவதில்லை. தன்னார்வலரின் உழைப்பு, நிறுவனம் ஒரு நாளில் வெளியிடக்கூடிய ஆவணத்துக்கு ஈடாக ஆண்டுக்கணக்கில் செலவாகிறது.

சட்டத்தின் நிலை

நமது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணிப்பொறி நிரலை இலக்கியப் படைப்பாகக் கருதுகிறது. அதன் பாதுகாப்பு, ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். ஐந்தாண்டு உழைக்கும் கருவியைப் பூட்டிய நிரலுக்கு இரண்டு தலைமுறைக்கும் மேற்பட்ட பாதுகாப்பு என்பது சிந்திக்கத்தக்கது. அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தனியே உருவாக்கப்பட்ட நிரலொன்று மற்றொன்றுடன் ஒத்தியங்கத் தேவையான தகவலைப் பெறுவதற்கான செயல்கள் பதிப்புரிமை மீறலாகா என்று கூறுகிறது. அதாவது, பூட்டை ஆராய்ந்தறியச் சட்டம் ஓரளவு இடமளிக்கிறது; சாவியைக் கொடுக்குமாறு எவரையும் பணிப்பதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் இரண்டு அடிகள் முன்வைத்துள்ளது. 2023-இல் இயற்றி 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஒரு மாதிரியின் கடைசிக் கருவி சந்தைக்கு வந்தபின் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு இயக்க முறைமைப் புதுப்பிப்புகளும், 7 ஆண்டுகளுக்கு முக்கிய உதிரி உறுப்புகளும் கிடைக்கச் செய்ய வேண்டும். 2024-இல் இயற்றப்பட்ட இணையப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கியக் கடமைகள் பொருந்தும் நாள் 2027 டிசம்பர் 11. அதன் முன்னுரை, ஆதரவுக் காலம் முடிந்ததும் மூல நிரலைப் பொதுமக்களுக்கோ பராமரிப்பை ஏற்கும் பிற நிறுவனங்களுக்கோ வெளியிடுவதை உற்பத்தியாளர் பரிசீலிக்க வேண்டும் என்கிறது. இது கட்டாயமன்று, எனினும் நாம் எடுத்துக்கொண்ட கோரிக்கை ஒரு சட்ட ஆவணத்தில் இடம்பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது.

நமது நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஒரு குழுவை அமைத்தது. அது கவனத்தில் கொண்ட துறைகளுள் செல்பேசியும் ஒன்று. 2024-இல் அமைக்கப்பட்ட மற்றொரு குழு, பழுதுபார்க்கும் எளிமையை அளவிடும் குறியீடு ஒன்றைப் பரிந்துரைத்து 2025 மே மாதத்தில் அறிக்கை அளித்தது. அக்குறியீட்டின் அளவுகோல்களுள் மென்பொருள் புதுப்பிப்பும் ஒன்றாக இடம்பெற்றுள்ளது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகள் மறுசுழற்சிக்கான பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்துகின்றன. பொருளைக் கழிவாகாமல் காக்கும் பொறுப்பும் அதன் இயல்பான தொடர்ச்சியே.

எழக்கூடிய மறுப்புகள்

முதல் மறுப்பு பாதுகாப்பு பற்றியது: நிரலைத் திறந்தால் தீயோர் அதிலுள்ள பிழைகளைக் கண்டுகொள்வர் என்பது. மூடிய நிரலிலும் அவர்கள் பிழைகளைக் கண்டுகொண்டே வருகின்றனர். உலகின் பெரும்பாலான இணைய வழங்கிகள் இயங்குவது திறந்த லைனக்ஸ் மீதே. ஆதரவு முடிந்த மாதிரியைப் பொறுத்தவரை, திருத்துவோர் எவருமில்லாத மூடிய நிரலைவிடத் திருத்தத்தக்க திறந்த நிரல் மேலானது.

இரண்டாவது, பிறர் உரிமை பற்றியது: செல்பேசி நிறுவனம் தனக்குச் சொந்தமல்லாத நிரலை எவ்வாறு வெளியிட இயலும்? இம்மறுப்பு வலுவானது. இதற்குத் தீர்வு, விற்பனை முடிந்தபின் தேடுவதன்று. சில்லு வாங்கும் ஒப்பந்தத்திலேயே அவ்வுரிமையைக் கோரிப் பெறுவது. வாங்குவோர் பலர் ஒருங்கே கோரினால் விற்போர் இணங்குவர்.

மூன்றாவது, அலைக்கற்றையின் ஒழுங்கும் கருவியின் அடையாள எண்ணும் பற்றியது. செல்பேசியின் அடையாள எண்ணை மாற்றுவது 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ்க் குற்றம். திருட்டையும் மோசடியையும் தடுக்க அது வேண்டப்படுவது. ஆகவே மோடம் நிரல் மூடியே இருக்கலாம். அதனை மாற்றமின்றி உடன் வழங்குவதற்கான அனுமதி மட்டும் போதுமானது.

நான்காவது, வணிக ரகசியம் பற்றியது. படங்களை மெருகேற்றும் முறை போன்றவை ஒரு நிறுவனத்தின் போட்டித்திறனுக்கு அடிப்படை. அவற்றை வெளியிடக் கோருவது நியாயமன்று. கருவியை உயிருடன் வைத்திருக்கத் தேவையான நிரல் வேறு, அதனை அழகுபடுத்தும் நிரல் வேறு. கோரிக்கை முன்னதோடு நிற்பதே முறை.

காகிதத்தில் திறந்திருப்பது எப்பொழுதும் நடைமுறையில் திறந்திருப்பதாகாது என்பதையும் நினைவில் இருத்த வேண்டும். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு தொடர்பான வழக்கில் கூகுள் நிறுவனத்துக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. திறமூல ஆண்ட்ராய்டிலிருந்து வேறுபட்ட வடிவங்களை உற்பத்தியாளர் விற்பதைத் தடுத்த ஒப்பந்தங்களும் அவ்வழக்கில் ஆராயப்பட்டன. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆணையத்தின் பணிப்புகள் சிலவற்றை நீக்கி, அபராதத்தை உறுதிசெய்தது. நிரல் திறந்திருந்தும் ஒப்பந்தம் கையைக் கட்டிவிடக்கூடும் என்பதே இதன் பாடம்.

செய்யத்தக்கவை

அரசு சட்டம் இயற்றுவது மட்டுமன்று. பெருமளவில் பொருள் வாங்கும் நுகர்வோருமாகும். ஊட்டச்சத்துத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிப் பணியாளருக்குச் செல்பேசிகள் வழங்கப்பட்டன. 2021 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தில் பணியாளர் பலர் அவற்றைத் திருப்பி ஒப்படைத்தனர். நினைவகம் போதவில்லை, அடிக்கடி பழுதாகிறது, பதிவு செய்ய வேண்டிய செயலியை அக்கருவி தாங்கவில்லை என்பன அவர்கள் கூறிய குறைகள். வன்பொருள் குறைகளை மூல நிரல் நீக்கிவிடாது. ஆனால் வாங்கும் பொழுதே கருவியின் ஆயுளைப் பற்றிக் கேளாவிடில், அதன் விலையை ஊழியரும் பொதுப்பணமும் இருமுறை செலுத்த நேர்கிறது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது. இதனைக் கருத்திற்கொண்டு கீழ்க்காணும் படிகளைப் பரிசீலிக்கலாம்:

1. செல்பேசிப் பெட்டியின் மீது பாதுகாப்புத் திருத்தங்கள் முடிவுறும் நாளை அச்சிடச் செய்தல். இதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்; நுகர்வோர் பெறும் பயன் மிகப் பெரிது.

2. லைனக்ஸ் உட்கருவின் மூல நிரலை விற்பனை தொடங்கும் நாளிலேயே முழுமையாக வெளியிடுவதை அரசுக் கொள்முதலின் நிபந்தனையாக்குதல். இது புதிய கடமையன்று. இருக்கும் கடமையை நிறைவேற்றுவதே.

3. ஆதரவு முடியும் நாளில் தொடக்க நிரலின் பூட்டைத் திறக்கும் வழியை உரிமையாளருக்கு அளித்தல். பூட்டைத் திறக்கும்போது கருவியிலுள்ள தரவுகள் அழிந்துவிடும் ஏற்பாடு இருந்தால், திருடியவருக்கு அது பயன்படாது.

4. மூடிய இயக்கி நிரல்களின் மூலத்தை ஒரு நடுநிலை நிறுவனத்திடம் வைப்பாக வைத்து, ஆதரவு முடிந்ததும் அல்லது நிறுவனம் தொழிலைக் கைவிட்டதும் வெளியிடுதல். மென்பொருள் ஒப்பந்தங்களில் இத்தகைய வைப்புமுறை நெடுங்காலமாக வழக்கிலுள்ளது. 2021 ஏப்ரலில் எல்ஜி நிறுவனம் செல்பேசித் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது போன்ற நேரங்களில் இதன் தேவை வெளிப்படும்.

5. வெளியான நிரலைப் பராமரிக்கப் பொறியியற் கல்லூரிகளுக்கும் அரசு ஆய்வு நிறுவனங்களுக்கும் சிறு நிதி ஒதுக்குதல். சிம்பியனின் அனுபவம் கூறுவது போல், பராமரிப்போர் இன்றித் திறப்பது பாதி வேலையே.

இவற்றைக் கோரும் தகுதி நமக்கு உண்டு. மத்திய அரசு 2015-இல் தன் பயன்பாட்டில் திறமூல மென்பொருளுக்கு முதன்மை அளிக்கும் கொள்கையை வெளியிட்டது. அரசுச் செயலிகளின் மூல நிரலைத் திறப்பதற்கும் அதே ஆண்டில் ஒரு கொள்கை வகுக்கப்பட்டது. 2020 மே மாதத்தில், கோடிக்கணக்கானோர் பயன்படுத்திய ஆரோக்கிய சேது செயலியின் ஆண்ட்ராய்டு நிரல் பொதுவில் வைக்கப்பட்டது. மேலும், அரசின் கணக்குப்படி 2014-15-இல் 18,000 கோடி ரூபாயாக இருந்த நம் செல்பேசி உற்பத்தி, 2024-25-இல் 5.45 லட்சம் கோடி ரூபாயாக உயர்ந்துள்ளது. உலகின் இரண்டாவது பெரிய செல்பேசி உற்பத்தி நாடு, செல்பேசி எவ்வாறு அமைய வேண்டும் என்று சொல்லவும் உரிமை பெற்றதே.

முடிவாக

எல்லா மென்பொருளையும் எல்லா நேரத்திலும் திறந்துவிட வேண்டும் என்பது இங்கு வாதமன்று. உழைத்து உருவாக்கியவர் அதன் பயனை நுகர்வது முறையே. ஆனால் விற்பவர் தம் கடமையிலிருந்து விலகும் நாளில், வாங்கியவர் தம் பொருளைத் தாமே பேணிக்கொள்ளும் வழியையும் அடைத்துவிட்டுச் செல்வது முறையாகாது. வீட்டைக் காலி செய்பவர் சாவியை ஒப்படைத்துவிட்டுச் செல்வது நம் வழக்கம்.

மாணவர்கள் இதனை ஒரு தொழில்நுட்பச் சிக்கலாக மட்டும் கருதாமல், சொத்துரிமையின் எல்லை யாது என்னும் பழைய பொருளியல் வினாவின் புதிய வடிவமாகக் கருதிப் பயிலலாம். அலுவலர்களுக்குரிய பணி இன்னும் எளியது. அடுத்த முறை செல்பேசிகளுக்கான ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, ஆதரவு எந்நாள் வரை, அதன்பின் நிரல் யாருக்கு என்னும் இரு வினாக்களைச் சேர்த்துக்கொண்டால், கழிவுக் குழுவின் முன் வரும் அட்டைப்பெட்டியின் எடை குறையும்.